எழுப்பக் கூடாது

"அப்பா தூங்கறாரா?" என்று கேட்டது ஒரு குரல். பக்கத்து அறையிலிருந்து வந்தது. மெல்லிய குரல்தான், ஆனால் வந்த பிறகும் கொஞ்ச நேரம் காதுக்குள்ளேயே நின்றது. மாதையன் கண்ணுக்கு மேல் துண்டைச் சுற்றிக்கொண்டு பாயில் கிடந்தான். பகலில் தூங்குகிறவன் தனக்கு வேண்டிய இருட்டைத் தானேதான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். துண்டுக்குள் பால் வாடை, எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாத, புளிக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிற வாடை. பக்கத்து வீட்டு டிவி என்று முதலில் நினைத்தான். பிறகு கனவு என்று நினைத்தான், பகல் தூக்கத்தில் வருகிற கனவுகள் அப்படித்தான், பாதி வீட்டுச் சத்தமும் பாதி பால் கம்பெனிச் சத்தமுமாகக் கலந்துகட்டி வரும், பாக்கெட் போடும் மிஷின் அடிக்க அடிக்க அதற்குள்ளிருந்து மனைவி பூங்கொடி ஏதோ கூப்பிடுவாள், செத்துப்போன அண்ணன் கிரேட்டைத் தள்ளிக்கொண்டு வருவான். "ம்" என்றது இன்னொரு குரல். அது கனவில்லை. அது மகள் தனு. உதட்டைத் திறக்காமல் மூக்கு வழியாகக் காற்றை மட்டும் விட்டுச் சொல்கிற அந்த "ம்" இந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு மட்டும்தான் வரும். "ம். தூங்கறாரு. எழுப்பக் கூடாது."

யாரோ வந்திருக்கிறார்கள் என்று எண்ணினான். வாசற்கதவு திறந்த சத்தம் கேட்கவில்லையே என்று எண்ணினான். அந்தக் கதவு சத்தமே போடாது என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது, கீலுக்குத் தேங்காயெண்ணெய் விட்டுவிட்டு அதை ஊமையாக்கி வைத்திருந்தவனே அவன்தான். காலிங்பெல் ஒயரைப் பிடுங்கிவிட்டவனும் அவன்தான். குக்கர் விசில் வருவதற்கு முன்னால் கரித்துணியால் அதைத் தூக்கிப் பிடித்து ஆவியைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிற வித்தை பூங்கொடியுடையது, பார்க்கிறவர்களுக்கு அவள் ஏதோ பாம்பைப் பிடித்திருப்பதுபோல இருக்கும். தனு நடக்கப் பழகின வருஷம் அவளுக்கு ஒரு ஜோடி கொலுசு எடுத்தார்கள். சேலத்தில் பிறந்த பெண்குழந்தை கொலுசில்லாமல் இருந்தால் நாலு பேர் கேட்பார்கள். ரெண்டாம் நாளே அதைப் பட்டறைக்காரரிடம் கொண்டுபோய் மணிகளையெல்லாம் எடுத்துவிடச் சொன்னான். "ஏம்ப்பா, கொலுசுக்கு மணிதானே அழகு, மொட்டையா போட்டுவுட்டா எதுக்கு ஆவும்?" என்றார் அவர். "நான் நைட் ஷிப்டுங்க." அவர் இடுக்கியை எடுத்தார், ஊரில் பாதிப் பேர் ஏதோ ஒரு ஷிப்டுதான். அதிலிருந்து தனு வீட்டுக்குள் எங்கே இருக்கிறாள் என்று யாருக்கும் தெரியாது. திரும்பிப் பார்த்தால் பின்னால் நிற்பாள்.

குரல் மறுபடி வந்தது. இந்தத் தடவை அதற்கு அடியில் ஒரு இசையும் இருந்தது, டிங் டிங் என்று தகரத்தில் சொட்டுகிற தண்ணீர்போல, அப்போதுதான் அது போன் என்று விளங்கியது. அவனுடைய பழைய போன். அரையாண்டு லீவு விட்டதிலிருந்து அவன் படுக்கப் போகும்போது தனு கையில் அதைக் கொடுத்துவிட்டுப் போவான், அவள் கேட்பதுகூட இல்லை, அவனேதான் கொடுப்பான், சத்தத்தைக் குறைத்து வைத்து. வீடு கட்டுகிற விளையாட்டு ஒன்று. செங்கல் செங்கலாக அடுக்கி, ஜன்னல் வைத்து, முன்னால் பூச்செடி வைத்து, யாராவது வந்து பார்த்துவிட்டு நல்லாருக்கு என்று ஒரு இதயம் போட்டுவிட்டுப் போவார்கள். கட்டி முடித்ததும் ஒருமுறை காட்டினாள். "இது உன் ரூமுப்பா. இதுக்கு ஜன்னலே வெக்கல. வெளிச்சம் வராது." அவன் சிரித்துக்கொண்டே கம்பெனிக்குப் போய் அங்கே எல்லாரிடமும் அதைச் சொன்னான். அந்த வீட்டுக்குள் வந்து பேசவும் செய்வார்கள் என்று அவள் சொன்னாளா? சொல்லியிருக்கலாம். அவன் பாதித் தூக்கத்தில் "ம்" என்றிருக்கலாம். "நெஜமா உன் பேரு என்ன?" என்றது குரல். எழுந்திரு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கால் எழவில்லை, தூக்கம் இன்னும் இடுப்புவரை இருந்தது. "சொல்லக் கூடாது" என்றாள் தனு. "எந்த ஸ்கூலு?" "சொல்லக் கூடாது." "மூஞ்சியாவது காட்டேன்." "காட்டக் கூடாது." ஒவ்வொன்றுக்கும் அவள் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி பதில் சொல்லச் சொல்ல அவனுக்குள் ஏதோ இறங்கிற்று, மார்பு இளகிற்று, சரி, சொல்லிக் கொடுத்தது வீண்போகவில்லை, பிள்ளை கெட்டி. "அடேயப்பா, சமத்து" என்றது குரல். அந்த "சமத்து" அவனுக்குப் பிடிக்கவில்லை. இளகின இடத்தில் ஒரு விரலை வைத்து அழுத்தியதுபோல இருந்தது.

சொல்லிக் கொடுத்தவன் அவன்தான். போன ஆடியில் பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள், செல்போனில் பிள்ளைகள் பத்திரமாக இருப்பது எப்படி என்று கம்ப்யூட்டர் மிஸ் பேசினார். ஷிப்ட் முடித்து நேராகப் போயிருந்தான், முன்வரிசை, பக்கத்தில் தனு. திரையில் படம் படமாக வந்தது. தெரியாதவர்களிடம் பெயர் சொல்லக் கூடாது, பள்ளிக்கூடம் சொல்லக் கூடாது, வீடு எங்கே என்று சொல்லக் கூடாது, முகம் காட்டக் கூடாது. பத்தாவதோடு நின்றவன், எதையும் தானே படித்துத் தெரிந்துகொள்கிறவன், அதனால் இப்படிப்பட்ட இடங்களில் அவனுக்குக் கொஞ்சம் ஆவல் கூடத்தான், எல்லாவற்றையும் மனசில் அடுக்கிக்கொண்டே வந்தான். பிறகு மின்விசிறி. விசிறிக்கு நேர்கீழே உட்கார்ந்தது தப்பு. சிரிப்புச் சத்தத்தில்தான் கண் விழித்தான், கூடம் முழுக்கச் சிரித்தது, மிஸ்ஸும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். என்னவென்றால், யாரோ ஒரு டீச்சர் அவன் தோளைத் தட்டப் போயிருக்கிறார், தனு எழுந்து நின்று ரெண்டு கையையும் விரித்து மறித்து, "எங்கப்பாவ எழுப்பாதீங்க மிஸ், நைட் ஷிப்டு" என்றாளாம். பின்னால் ஒருத்தர், "வாச்மேன வெச்சிக்கிட்டுல்ல தூங்கறாரு மனுஷன்" என்றார். அவனும் அசடு வழியச் சிரித்தான். திரையில் கடைசிப் படம் போய் நன்றி என்று வந்துவிட்டிருந்தது. அவன் தூங்கின நேரத்தில் மிஸ் என்ன சொன்னார் என்று யாரிடமும் கேட்கவில்லை, கேட்க வெட்கம். இருக்கிறதே போதும் என்று அன்றைக்குச் சாயங்காலமே சைக்கிளைக் கழுவிக்கொண்டே ஆரம்பித்துவிட்டான். "தெரியாதவங்க பேரு கேட்டா?" "சொல்லக் கூடாது." "ஸ்கூலு?" "சொல்லக் கூடாது." அவள் கையில் தண்ணீர்க் குழாய், ஒவ்வொரு பதிலுக்கும் சக்கரத்தில் ஒரு பீய்ச்சு. பூங்கொடி வாசலில் நின்று, "தோ பாரு, அப்பனும் மவளும் மந்திரம் ஓதறாங்க" என்றாள். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது அன்றைக்கு. ஒரு தகப்பன் செய்ய வேண்டிய ஏதோ ஒன்றை, பகலில், கண் திறந்திருக்கும்போது செய்துவிட்டதுபோல.

எல்லாம் கூடாது, கூடாது. அவள் கற்றுக்கொண்ட முதல் கூடாது எது? பேசக் கற்றுக்கொள்வதற்கு முன்னாலேயே அதைக் கற்றிருந்தாள். வாயில் விரலை வைத்துக் காட்டினால் அழுகையைப் பாதியில் முழுங்குவாள், அந்த முழுங்கல் தொண்டையில் ஏறி இறங்குவது தெரியும். பொம்மையை அழுத்தினால் கத்தும் என்று அதன் அடியில் பூங்கொடி பிளாஸ்திரி ஒட்டினாள். பிறகு அந்த விரல். பால்வாடி போய்க்கொண்டிருந்த வயது. பூங்கொடி மாடியில் துணி காயப்போடப் போயிருந்தாள், பீரோக் கதவில் தனுவின் சுண்டுவிரல் மாட்டி நகம் பெயர்ந்துவிட்டது. அவள் கீழே வந்து பார்த்தபோது பிள்ளை மூலையில் உட்கார்ந்து துண்டை வாய்க்குள் திணித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தது. அவன் அங்கேயேதான், கையெட்டும் தூரத்தில், குறட்டை விட்டுக்கொண்டிருந்திருக்கிறான். இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்கள். காதுகுத்தில் பூங்கொடியின் அண்ணனிடம் சொன்னார்கள், கம்பெனியில் சொன்னான், சொல்லும்போதெல்லாம் கேட்டவர்கள் கன்னத்தைக் கிள்ளி, அட என்ன பொறுப்பு பாரேன், என்றார்கள். தனு பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். அந்தக் கோணல் நகத்தை எல்லாரிடமும் நீட்டிக் காட்டுவாள், மெடல் வாங்கினவள்போல.

இப்போதே எழுந்திருக்க வேண்டும், ஏன் எழவில்லை? எழுந்தால் அவள் போனை அணைத்துவிடுவாள், பிறகு அந்தக் குரல் என்ன கேட்க வந்தது என்று தெரியாமலே போய்விடும், அதனால் இன்னும் கொஞ்சம் கேட்கலாம் என்று ஒரு நினைப்பு. அது உண்மையில்லை என்று அதற்குக் கீழே இன்னொரு நினைப்பு. தெரியாமல் இருக்கிறவரைக்கும் அது ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையாகவும் இருக்கலாம், இவளைப்போலவே லீவில் அடைந்துகிடக்கிற ஏதோ ஒரு பொண்ணு, எழுந்துவிட்டால் அப்படி இருக்க முடியாது. கம்பெனியில் அவனுக்கு லீக் பார்க்கிற வேலை. கிரேட்டில் வருகிற பாக்கெட்டை உள்ளங்கையால் ஒரு அழுத்து அழுத்திப் பார்க்க வேண்டும். ஓட்டை கண்ணுக்குத் தெரியாது, ஊசிமுனையில் பாதிகூட இருக்காது. அழுத்தினால் ஒரு குளிர்ச்சி வரும், ஈரம்கூட இல்லை, குளிர்ச்சி. அந்தக் குரலில் அப்படி ஒன்று இருந்தது. சின்னப் பிள்ளையின் குரலுக்கு நடுவில் மூச்சு வாங்குகிற இடங்களில் மட்டும் ஒரு கனம், பெரிய உடம்பு வாங்குகிற மூச்சு. யாராக இருக்கும்? டீ இடைவேளையில் சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்திருக்கிற ஆட்கள் ஞாபகம் வந்தார்கள், ஒவ்வொரு முகத்திலும் போன் வெளிச்சம் நீலமாக அடித்துக்கொண்டிருக்கும், யார் என்ன பார்க்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது, கேட்கவும் மாட்டார்கள். அப்படி ஒரு சுவரோரத்திலிருந்து, ஒரு லாரி கேபினிலிருந்து, மனைவி மக்கள் இருக்கிற ஒரு வீட்டின் மாடியிலிருந்து, எங்கிருந்தும் வரலாம் அந்த மூச்சு. "ஏன் இவ்ளோ மெதுவாப் பேசற? சத்தமாப் பேசேன்" என்றது. "பேசக் கூடாது." "ஓ. நீ கத்தவே மாட்டியா?" "மாட்டேன்." "கீழ விழுந்தாக்கூட?" "மாட்டேன்." டிங் டிங். "வலிச்சாக்கூடவா?"

தனு உடனே பதில் சொல்லவில்லை. அந்த இடைவெளியில் மாதையன் துண்டுக்குள் கண்ணைத் திறந்தான், இருட்டும் நூல் நூலாக வெளிச்சமும். அவள் யோசிக்கிறாள். விரலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு சொன்னாள். "மாட்டேன்." அந்த ஒரு சொல்லில் பெருமை இருந்தது. காதுகுத்தில், கல்யாண வீட்டில், சொந்தக்காரர்களுக்கு நடுவில் அவர்கள் ரெண்டு பேருமாகச் சேர்ந்து ஊட்டின பெருமை, அப்படியே, குறையாமல். "அப்ப இதெல்லாம் அப்பாகிட்ட சொல்ல மாட்டதான?" என்றது குரல். "அதான் சொன்னனே, அவர எழுப்பவே கூடாது" என்றாள் தனு, இவ்வளவு நேரம் சொல்லியும் புரியவில்லையே என்கிற சலிப்போடு.

எப்படி எழுந்தான் என்று தெரியவில்லை. துண்டு காலில் சிக்கியது, நிலைப்படியில் தோள் இடித்தது. "தனு!" என்று அவன் தொண்டையிலிருந்து வந்த சத்தம் அவனுக்கே புதிதாக இருந்தது, அந்தச் சுவர்கள் அப்படி ஒன்றைக் கேட்டதேயில்லை. இசை நின்றது. அவள் ஜன்னலுக்குக் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் பூங்கொடி உரித்து வைக்கச் சொல்லிவிட்டுப் போன மொச்சைக் காய் முறத்தில் பாதி உரித்தபடி. நிமிர்ந்து பார்த்தாள், முகம் வெளுத்திருந்தது. "ஸாரிப்பா. சத்தம் போட்டுட்டனா?" என்றாள்.

அவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். போனை வாங்கிப் பார்த்தான். முயல் படம், ஒரு பெண்பிள்ளைப் பெயர், அதன் பக்கத்தில் இருந்த பச்சைப் புள்ளி அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அணைந்தது. "யாரு கண்ணு இது?" "முயல் அக்கா. அஞ்சாவது படிக்கிறாங்களாம். நான் எதுவும் சொல்லலப்பா, பேரு சொல்லல, ஸ்கூலு சொல்லல, ஊடு எங்கன்னு சொல்லல, மூஞ்சி காட்டல." விரல் விட்டு எண்ணினாள். "இதுக்கு முன்ன வேற என்ன கேட்டாங்க?" "நீ எப்ப தூங்குவ, எப்ப வேலைக்குப் போவ. அம்மா எப்ப வரும். ராத்திரி யாரு இருப்பாங்க." "அதச் சொன்னியா?" அவள் அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் குற்றம் செய்தவளின் பயம் இல்லை, பாடத்தில் இல்லாத கேள்வி வந்துவிட்ட பிள்ளையின் குழப்பம்தான் இருந்தது. "நீ அதச் சொல்லக் கூடாதுன்னு சொல்லவே இல்லியே." "வேற ஏதாச்சும் காட்டச் சொன்னாங்களா?" "வெரலக் காட்டச் சொன்னாங்க. வெரலுதானப்பா. மூஞ்சி இல்லியே."

அழித்துவிடலாம் என்று விரலைக் கொண்டுபோனான், அந்த முயலையும், அந்த ஜன்னலில்லாத அறையையும் சேர்த்து. அழிக்கவில்லை. யாரிடமாவது காட்ட வேண்டும், முதலில் பூங்கொடியிடம், அவள் ஜவுளிக்கடையில் நின்றுகொண்டிருப்பாள், போனை வேலை நேரத்தில் வாங்கி வைத்துவிடுவார்கள், வந்ததும் காட்ட வேண்டும், அவள் கத்துவாள், கத்தட்டும், பிறகு ரெண்டு பேருமாகப் போலீசுக்குப் போக வேண்டும், இன்றைக்கு வரமுடியாது என்று கம்பெனிக்குச் சொல்ல வேண்டும். இன்றைக்குச் சரி. நாளைக்கு? தெரு தெரியாது, ஊர் தெரியாது, அந்த ஆள் எங்கிருந்து வந்துவிடப் போகிறான் என்று தன்னைத் தேற்றிப் பார்த்தான். அதற்கும் கீழே அந்த இன்னொரு நினைப்பு எழுந்து உட்கார்ந்துகொண்டது. வர வேண்டியதில்லை, வந்துவிட்டான், ஜன்னலுக்குக் கீழே பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போயிருக்கிறான், எண்ணெய் விட்ட கதவு சத்தமே போடவில்லை. மிஸ் கடைசியாகச் சொன்னது என்னவாக இருக்கும்? அவன் தூங்கிப்போன அந்தக் கடைசிப் படத்தில் என்ன இருந்திருக்கும்? இப்போது அது தெரியும்போல இருந்தது, கேட்காமலேயே. அது ஒரு கூடாது இல்லை. அது ஒன்றுதான் அந்தப் பட்டியலில் கூடாது இல்லை, வீட்டில் சொல்ல வேண்டும்.

"தனு, இங்க வா. நான் இப்பப் படுத்துக்குவனாம். தூங்கிருவனாம். நீ வந்து என்னை எழுப்பு." "எதுக்குப்பா?" "சும்மா. பழகிக்கலாம்." அவன் உள்ளே போய்ப் பாயில் படுத்துத் துண்டைக் கண்ணில் போட்டுக்கொண்டான். காத்திருந்தான். எதுவும் கேட்கவில்லை. வரவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தான், தலைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு மூச்சு கேட்கிறவரை. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. "அப்பா" என்றாள். விளக்கை ஊதுவதுபோல. "கேக்கல." "அப்பா." "இன்னும் சத்தமா. தெருவுக்கே கேக்கணும். நான் திட்டமாட்டேன் சாமி, எப்ப வேணா எழுப்பலாம், யாராச்சும் எதாச்சும் கேட்டா, பயமா இருந்தா, பயமில்லாட்டிகூட, சும்மா தோணுனாக்கூட எழுப்பலாம்." நிறையப் பேசுகிறோம் என்று தோன்றி நிறுத்தினான். அவள் மூச்சை இழுத்துக்கொள்வது கேட்டது. இழுத்தாள், பிடித்தாள், வாய் திறக்கிற ஈரச் சத்தம்கூட வந்தது. பிறகு அந்த முழுங்கல், அவனுக்கு நன்றாகத் தெரிந்த முழுங்கல். துண்டை எடுத்துப் பார்த்தான். வாய் திறந்தபடி இருந்தது, கழுத்து நரம்பு புடைத்திருந்தது, கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. "வரலப்பா" என்றாள்.

"சரி. பரவால்ல. நாளைக்குப் பாக்கலாம்." அவளைப் பிடித்து மடியில் இழுத்துக்கொண்டான், எலும்பும் தோலுமாக, ஒன்பது வயதுக்குக் கனமே இல்லாமல் இருந்தாள். தெருவில் யாரோ பழைய இரும்பு கேட்டுக்கொண்டு போனார்கள். பிறகு அவளே இறங்கி, "அம்மா வர்றதுக்குள்ள உரிக்கணும்" என்றாள். ஜன்னலுக்குக் கீழே போய் உட்கார்ந்தார்கள், நடுவில் முறம். அவள் காயின் ஓரத்தில் நகத்தை வைத்து மெல்லக் கீறி, பிளந்து, கொட்டையை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வாங்கிக் கிண்ணத்தில் வைத்தாள். போடவில்லை, வைத்தாள். மொச்சை உரித்தால் டப்பென்று ஒரு சத்தம் வரும் என்பது அவனுக்கு மறந்தே போயிருந்தது. ஒரு காயை எடுத்துக் கட்டைவிரலால் ஓங்கி அழுத்தினான். வெடித்தது. கொட்டைகள் கலகலவென்று எவர்சில்வர் கிண்ணத்தில் விழுந்தன. தனு சட்டென்று தலையைத் திருப்பிப் படுக்கையறைப் பக்கம் பார்த்தாள். அங்கே பாய் காலியாகக் கிடந்தது. மாதையன் இன்னொரு காயை எடுத்து வெடிக்க வைத்தான். அவள் மறுபடியும் திரும்பிப் பார்த்தாள். அவன் அடுத்த காயை எடுத்தான்.